பையன்தானே, லேட்டாத்தான் பேசுவான் என்றார்கள்

என் மகனுக்கு வரும்வரை ஆட்டிசம் என்பது, அதாவது மூளை வளர்ச்சி வேறு மாதிரி இருந்து மற்றவர்களோடு பேசுவதும் பழகுவதும் கஷ்டமாகிற குறைபாடு, லட்சத்தில் ஒரு குழந்தைக்கு வருவது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு மட்டுமில்லை, எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அப்படித்தான். நாங்கள் முதலில் பார்த்த குழந்தைகள் டாக்டர் பேசியதை இப்போது யோசித்தால் அவருக்கும் ஏறக்குறைய அதே எண்ணம்தான் இருந்திருக்கும் போல. நடப்பு வேறு. உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டுக்குச் சொல்லும் கணக்கு 127 பேரில் ஒருவர். சின்னக் குழந்தைகளை மட்டும் எடுத்து, நம்ம மாதிரி ஊரில் பார்த்தது வேண்டுமென்றால் இலங்கையில் 2009இல் வெளிவந்த ஒரு ஆய்வு இருக்கிறது. நகரத்தை ஒட்டிய ஒரு பகுதியில் ஒன்றரையிலிருந்து இரண்டு வயதுக்குள் இருந்த குழந்தைகளைத் தேடிப்போய்ப் பார்த்தார்கள். 93 பேரில் ஒருவருக்கு இருந்தது. சின்ன ஆய்வுதான், நாலைந்து குழந்தைகள் கூடினாலோ குறைந்தாலோ எண் மாறிவிடும். ஆனாலும் லட்சத்தில் ஒன்று எங்கே, நூற்றுச் சொச்சத்தில் ஒன்று எங்கே. இந்த ஒரு விஷயத்தை யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால் ஒரு வருஷத்துக்கு மேல் வீணாய்ப் போயிருக்காது, ஒன்றே முக்கால் லட்சம் ரூபாயும் போயிருக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் வில்லிவாக்கத்தில் இருக்கிறோம். கணவர் மஸ்கட்டில் வேலை, வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். வீட்டில் நான், அத்தை, மகன். நான் வேலைக்குப் போகும்போது அத்தைதான் பார்த்துக்கொள்வார். பையன் ஒரு வயதில் "ம்மா", "காக்கா" எல்லாம் சொன்னான். ஒன்றரை வயது வாக்கில் "காக்கா" நின்றுபோனது. நின்றது எப்போது என்று எங்களுக்கே தெரியாது, ஒருநாள் மாடியில் காக்காவுக்குச் சோறு வைக்கும்போது அத்தைதான் "என்னம்மா, இவன் இப்பல்லாம் காக்கான்னே சொல்றதில்லையே" என்றார். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான், ஆனால் பக்கத்து ரூமில் பிஸ்கட் பாக்கெட் பிரிக்கும் சத்தம் கேட்டால் ஓடிவருவான். எவர்சில்வர் சம்படத்தின் மூடியைத் தரையில் சுற்றவிட்டு, அது ஆடி ஆடி அடங்கும்வரை குனிந்து, கன்னம் தரையில் படுகிற மாதிரி வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பான். அடங்கியதும் மறுபடி சுற்றுவான். மிக்ஸி போட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். எதையாவது வேண்டுமென்றால் விரலை நீட்டிக் காட்ட மாட்டான், என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் என் கையை ஃபிரிட்ஜ் கதவின் மேல் வைப்பான். முகத்தைப் பார்க்கவே மாட்டான். அப்போது எனக்கு அது சமர்த்தாகத்தான் தெரிந்தது.

இந்த விரல் நீட்டுகிற சமாசாரத்தை எல்லாரும் கவனிக்க வேண்டும். பேச்சு வந்துவிட்டதா என்றுதான் சொந்தக்காரர்கள் கேட்பார்கள், டாக்டர்களும் அதையேதான் கேட்பார்கள். ஆனால் பேச்சுக்கு முன்னாடியே வரவேண்டியவை நிறைய இருக்கின்றன. ஒரு வயதை ஒட்டி, பேர் சொன்னால் திரும்ப வேண்டும், டாட்டா காட்ட வேண்டும். ஒன்றரை வயதுக்குள் வானத்தில் விமானம் போனால் விரலை நீட்டிக் காட்டிவிட்டு நம் முகத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டும், நாம் எதையாவது காட்டினால் அந்தப் பக்கம் பார்க்க வேண்டும். இரண்டு வயதில் "பால் குடு" மாதிரி இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்ல வேண்டும். வந்த வார்த்தை காணாமல் போனால், எந்த வயதானாலும் சரி, மறுநாளே டாக்டரிடம் போய்விட வேண்டும். எம்-சாட் என்று 20 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது, 16 மாதத்திலிருந்து 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு. இலவசம், தமிழிலும் கிடைக்கிறது, பத்து நிமிஷ வேலை. மூன்று மதிப்பெண்ணுக்குக் கீழே வந்தால் பயமில்லை, மூன்றிலிருந்து ஏழு வரை வந்தால் டாக்டர் இன்னும் சில கேள்விகள் கேட்டு உறுதிசெய்ய வேண்டும், எட்டும் அதற்கு மேலும் வந்தால் நேராக முழுப் பரிசோதனைக்குப் போக வேண்டும். அதுவே முடிவு இல்லை, மேலே பார்க்கணுமா வேண்டாமா என்பதை மட்டும்தான் சொல்லும். ஆனால் கையில் மதிப்பெண்ணோடு போகும் அம்மாவை "பயப்படாதீங்க" என்று சொல்லி அனுப்பிவைப்பது கொஞ்சம் கஷ்டம்.

என்னை அப்படித்தான் அனுப்பிவைத்தார்கள். இரண்டு வயதில் தடுப்பூசிக்குப் போனபோது நானே கேட்டேன். "பையன்தானேம்மா, லேட்டாத்தான் பேசுவான், மூணு வயசு வரைக்கும் பாருங்க" என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து சொன்னதும் அத்தைக்கு நிம்மதி. "அவங்கப்பாவே நாலு வயசுலதான் பேசினான்" என்று ஆரம்பித்து, வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவினார், திருப்போரூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டார். அத்தையைக் குறை சொல்ல மாட்டேன், டாக்டரே சொன்ன பிறகு அவர் வேறு என்ன செய்வார்? ஊரிலிருந்து வந்த பெரியப்பா போன்தான் காரணம் என்றார். இன்னொருவர் தடுப்பூசி என்றார். என் அலுவலகத்தில் ஒரு அக்கா, நான் வேலைக்குப் போவதுதான் காரணம் என்று நேராகவே சொன்னார். அன்றைக்கு ராத்திரி அழுதது எனக்கும் தலையணைக்கும்தான் தெரியும். மூன்றுமே காரணம் இல்லை. தடுப்பூசிக் கதை 1998இல் லண்டனிலிருந்து கிளம்பியது, அதை வெளியிட்ட மருத்துவ இதழே 2010இல் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. போன் ஆட்டிசத்தை உண்டாக்காது, ஆனால் இரண்டு வயதுக்குள் அது தேவையே இல்லை. நாங்கள் நிறுத்தியதும் பையன் எங்களிடம் இருந்த நேரம் கூடியது, அவ்வளவுதான். அம்மாவின் பாசம் போதாததால் வருகிறது என்று ஒரு காலத்தில் வெளிநாட்டு டாக்டர்களே சொல்லி, பிறகு அதைக் கைவிட்டார்கள். நம்ம ஊரில் இன்னும் யாரும் கைவிடவில்லை.

இரண்டரை வயதில் நானே முதலில் காது பரிசோதனைக்கு அழைத்துப்போனேன். இது ரொம்ப முக்கியம். கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும், பிஸ்கட் சத்தத்துக்கு வருகிறான் என்று விட்டுவிடக் கூடாது. பெரா என்பார்கள், தலையிலும் காதுக்குப் பின்னாலும் வயர் ஒட்டி, தூங்கும்போது எடுப்பார்கள். தூங்கினால்தான் எடுக்க முடியும் என்பதை எங்களுக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை, அவனோ ஆட்டோவில் வரும்போதே தூங்கி முடித்துவிட்டு ஃபிரெஷ்ஷாக இறங்கினான். மருந்து கொடுத்தார்கள், பாதியைத் துப்பினான். ஏசி அறையில் என் தோளில் போட்டுக்கொண்டு மதியம் முழுக்க நடந்தேன், கண் சொருகும், நர்ஸ் வயரை ஒட்ட வருவார், முழித்துக்கொள்வான். கடைசியில் இன்னொரு நாள் வரச்சொன்னார்கள். அடுத்த தடவை முந்தின ராத்திரி பதினொரு மணிவரை அவனைத் தூங்கவிடாமல், விடிகாலையில் எழுப்பி, வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டே போய் இறங்கினேன். பத்து நிமிஷத்தில் தூங்கினான். காது நன்றாக இருந்தது. சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியவில்லை, காது சரியாக இருக்கிறது என்றால் காரணம் வேறு என்றுதானே அர்த்தம்.

குழந்தை வளர்ச்சி மருத்துவர் ஒருவர் இரண்டே முக்கால் வயதில் ஆட்டிசம் என்று சொன்னார். நான் அப்போது இரண்டாவது குழந்தை உண்டாகி மூன்று மாதம். அந்த கிளினிக்கின் காத்திருப்பு அறையை மறக்க மாட்டேன். உட்கார இடமில்லை. கார் சக்கரத்தை மட்டும் உருட்டிக்கொண்டு ஒன்று, ஃபேனையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு ஒன்று, அப்பாவின் தோளில் தலையை முட்டிக்கொண்டே ஒன்று. அநேகமாக எல்லாமே பையன்கள். ஆட்டிசம் பெண் குழந்தைகளைவிடப் பையன்களுக்கு மூன்று நாலு மடங்கு அதிகம் என்று பிறகு படித்தேன், பெண் குழந்தைகளிடம் கண்டுபிடிக்காமல் விடுவதும் அதிகமாம். இவ்வளவு பேர் இதே ஊரில் இருக்கிறோம், இதுநாள்வரை ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லையே என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக எனக்கு உறைத்தது.

ஏன் கண்ணில் படவில்லை என்று பிறகு தேடித் தேடிப் படித்தேன், ராத்திரி வேறு வேலை ஏது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆட்டிசத்துக்குத் தனியாக ஒரு கட்டமே கிடையாது. 1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தின் பட்டியலில் ஏழு வகைதான் இருந்தது, ஆட்டிசம் அதில் இல்லை. 2016 சட்டத்தில்தான் 21 வகையாக்கி அதையும் சேர்த்தார்கள். நம் நாட்டில் ஒழுங்காக வீடு வீடாகப் போய் எடுத்த பெரிய ஆய்வு ஒன்று 2018இல் வெளிவந்தது. பல்வல், காங்ரா, தேன்கனால், வடக்கு கோவா, ஐதராபாத் என்று ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயதுவரை கிட்டத்தட்ட நாலாயிரம் குழந்தைகள். பார்வை, செவி, வலிப்பு, பேச்சு, ஆட்டிசம் என்று வளர்ச்சி சம்பந்தமான ஏதாவது ஒன்று எட்டில் ஒரு குழந்தைக்கு இருந்தது. எட்டில் ஒன்று! ஆறு வயதுக்குக் கீழே மட்டும் பார்த்தால் ஒரு இடத்தில் நூற்றுக்கு மூன்று பேர், இன்னொரு இடத்தில் பதினெட்டுக்கும் மேல். தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை. உலகம் முழுக்க ஐந்து வயதுக்குக் கீழே வளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தைகள் 2016இல் 5 கோடியே 29 லட்சம், அதில் நூற்றுக்கு 95 பேர் நம்ம மாதிரி ஏழை, நடுத்தர நாடுகளில்தான். அமெரிக்காவில் 2000இல் 150 பேரில் ஒருவர் என்றிருந்தது 2022 கணக்கில் 31 பேரில் ஒருவர் என்று வந்திருக்கிறது, அங்கே எட்டு வயதுக் குழந்தைகளின் மருத்துவ, பள்ளிப் பதிவுகளைத் துருவிப் பார்க்கிறார்கள், வரையறையும் அகலமாகிவிட்டது. தேடுகிற இடத்தில் எண் ஏறுகிறது. நம்மிடம் "அமைதியான பையன்", "வாய் பேசாது", "மூளை வளர்ச்சி கம்மி" என்று வேறு வேறு பேரில் வீட்டுக்குள் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சரி, பணம் போன கதைக்கு வருகிறேன். ஆட்டிசம் என்று கேட்ட அதிர்ச்சியில், வீட்டுக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று ஒரு தனியார் தெரபி சென்டரில் சேர்த்தேன், பேர் வேண்டாம். பேச்சுக்கு ஸ்பீச் தெரபி, அன்றாட வேலைகளைப் பழக்க ஆக்குபேஷனல் தெரபி, இரண்டுக்கும் முக்கால் மணி நேரத்துக்கு 800 ரூபாய் வீதம். மூன்று மாதப் பேக்கேஜாகக் கட்டினால் தள்ளுபடி போக 85,000. "ஆறு மாசத்துல நார்மல் ஸ்கூல்ல சேர்த்துடலாம் மேடம்" என்றார்கள். வளையலை அடகு வைத்துக் கட்டினேன், அப்புறம் இன்னொரு தடவையும் கட்டினேன். அம்மாக்களை உள்ளே விட மாட்டார்கள், குழந்தை அழும், கவனம் சிதறும் என்பார்கள். டைரி ஒன்று கொடுப்பார்கள். "குட் சிட்டிங், பாசிட்டிவ் ரெஸ்பான்ஸ்" என்று எழுதியிருக்கும். அடுத்த பக்கத்தைப் புரட்டினால் அதே வரி, வேறு கையெழுத்தில். பக்கத்து சீட்டில் காத்திருந்த அம்மாவின் டைரியை வாங்கிப் பார்த்தேன், அவர் பெண்ணுக்கும் அதே வரி. தெரபிஸ்ட் மாறிக்கொண்டே இருந்தார்கள், இவனோ புது முகம் பழகவே ஒரு மாதம் எடுப்பவன். பிரசவத்துக்காக நிறுத்தியபோது மிச்சமிருந்த நாற்பதாயிரத்தைத் திருப்பித் தர முடியாது என்று ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். பொடி எழுத்தில் இருந்தது.

அதனால் சொல்கிறேன். மொத்தப் பேக்கேஜ் கட்டாதீர்கள், மாதாமாதம் கட்டுங்கள், தள்ளுபடி போனால் போகட்டும். ஸ்பீச் தெரபிஸ்ட், ஸ்பெஷல் எஜுகேட்டர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் எல்லாரும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவு எண்ணைக் கூச்சப்படாமல் கேளுங்கள். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகள் அந்தப் பட்டியலில் வர மாட்டார்கள், அவர்களிடம் பட்டப்படிப்பு என்ன என்று கேளுங்கள். நம்மை உள்ளே உட்காரவிடாத இடம் வேண்டவே வேண்டாம். குழந்தை அங்கே இருப்பது முக்கால் மணி நேரம், மீதி நாள் முழுக்க நம்மோடுதானே இருக்கிறது, செய்வதை நமக்குச் சொல்லித்தரவில்லை என்றால் என்ன பயன்? இத்தனை மாதத்தில் இது குணமாகிவிடும் என்று தேதி சொல்பவரை அப்போதே விட்டு விலகுங்கள். ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகிவிடும் என்று எனக்கும் போன் வந்தது, லட்சக்கணக்கில் சொன்னார்கள், கணவர் அங்கே கடன் கேட்கவே கிளம்பிவிட்டார். நல்லவேளை, வளர்ச்சி மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டோம். ஆட்டிசத்துக்கு அதைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் குழு 2022லேயே சொல்லிவிட்டது. ஆக்சிஜன் அறைக்குள் உட்காரவைப்பது, உடம்பிலிருந்து உலோகத்தை எடுக்கிறேன் என்பது எல்லாம் இதே ரகம்தான்.

பிரசவத்துக்குப் பிறகு, கையில் காசு இல்லாததால்தான் அரசு இடங்களுக்குப் போனேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்குப் போனோம், பிறகு முட்டுக்காட்டில் இருக்கும் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம். 2005இலிருந்து இருக்கிறதாம், ஈ.சி.ஆரில் முட்டுக்காடு படகுத் துறைக்குப் போகும்போதெல்லாம் தாண்டிப் போயிருக்கிறேன், தெரியாது. வில்லிவாக்கத்திலிருந்து அது சென்னையின் மறுகோடி, கைக்குழந்தையை அத்தையிடம் விட்டுவிட்டு இவனோடு போய்வருவதற்குள் பாதி உயிர் போகும். ஆனால் அங்கேதான் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லித்தந்தார்கள். அவனுக்குப் பிடித்த முறுக்கை வெளியே தெரிகிற பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, அவனால் திறக்க முடியாத அளவுக்கு மூடியை இறுக்கிக் கொடுக்கச் சொன்னார் அந்த டீச்சர். "நீங்களா திறக்காதீங்க, அவன் உங்களைக் கேக்கட்டும், வெயிட் பண்ணுங்க" என்றார். முதலில் டப்பாவை வீசினான். அப்புறம் என் கையைப் பிடித்து மூடியில் வைத்தான். கையை எடுத்துவிட்டுச் சும்மா இருந்தேன். பல வாரம் போனது. ஒருநாள் சாயங்காலம் டப்பாவை என் மடியில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து, ஆள்காட்டி விரலால் மூடியைத் தட்டினான். மூன்றரை வயதில். முறுக்கு முழுவதையும் அவன் கையில் கொட்டிவிட்டேன்.

அரசாங்கத்தில் கிடைப்பவற்றைப் பற்றியும் எனக்கு யாரும் சொல்லவில்லை. 2013இலிருந்து நடக்கும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் அங்கன்வாடிக் குழந்தைகளை வருஷத்துக்கு இரண்டு தடவை மருத்துவக் குழு வந்து பார்க்க வேண்டும், வளர்ச்சித் தாமதமும் அதில் உண்டு. ஆனால் எங்களைப் போல பிளே ஸ்கூலில் போடுகிற நடுத்தர வர்க்கத்துக் குழந்தைகள் அந்தக் குழுவின் கண்ணில் படுவதே இல்லை. தி.நகரில் மதுரம் நாராயணன் மையம் இருக்கிறது, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு, அங்கேயும் பெற்றோர் கூட இருந்து கற்றுக்கொள்ள வேண்டும். மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு 40 கேள்விகள் கொண்ட இந்திய அளவுகோல் ஒன்றை வைத்து மதிப்பிடுவார்கள், 70ம் அதற்கு மேலும் வந்தால் ஆட்டிசம். எங்களுக்குத் தற்காலிகச் சான்றிதழ்தான் கொடுத்தார்கள், பிறகு புதுப்பிக்க வேண்டும். அத்தைக்கு முதலில் பிடிக்கவில்லை, "பச்சக் குழந்தைக்கு எதுக்கும்மா முத்திரை குத்தறே" என்றார். அந்தக் காகிதம் வந்த பிறகுதான் மத்திய அரசின் நிராமயா மருத்துவ இன்சூரன்ஸில் சேர்க்க முடிந்தது, வருஷத்துக்கு ஒரு லட்சம் வரை, தெரபிச் செலவும் ஓரளவு அதில் வரும். வருமான வரி கட்டுபவர்கள் பழைய முறையில் இருந்தால் மாற்றுத்திறனாளிக் குழந்தைக்காக வருமானத்தில் 75,000 கழித்துக்கொள்ளலாம். எல்லாக் காகிதத்தையும் முதல் நாளிலிருந்தே ஒரே ஃபைலில், தேதி வாரியாக வையுங்கள். அவன் சம்படமூடி சுற்றுவது, கூப்பிட்டும் திரும்பாதது எல்லாம் போனில் வீடியோவாக எடுத்து வைத்திருந்தேன், டாக்டர் ரூமுக்குள் போனதும் குழந்தைகள் எதையும் செய்துகாட்ட மாட்டார்கள், அந்த வீடியோக்கள்தான் பேசின.

வெளிப்படையாகச் சொல்ல ஆரம்பித்த பிறகு ஒன்று நடந்தது. எங்கள் தெருவில் துணி தேய்க்கும் அண்ணன், தன் தங்கை மகனும் இப்படித்தான் என்றார், திருவள்ளூரில் வீட்டிலேயே வைத்திருக்கிறார்களாம், வயது ஏழு. என்னைத் திட்டிய அலுவலக அக்காவே ஒருநாள் கேண்டீனில் தனியாகக் கூப்பிட்டு, அண்ணன் பேரனுக்கு இரண்டு வயதாகியும் திரும்பிப் பார்ப்பதில்லை, எங்கே காட்டலாம் என்று கேட்டார். எழும்பூரைச் சொன்னேன். வேறு எதுவும் பேசவில்லை, எனக்கும் மனசு இருக்கிறது.

இப்போது அவனுக்கு ஐந்து வயது. சாதாரணப் பள்ளியில்தான் எல்.கே.ஜி., இருபது முப்பது வார்த்தை சொல்கிறான், மிக்ஸி போடும்முன் "மிக்ஸி போடப்போறேன்" என்று சொன்னால் தானே காதைப் பொத்திக்கொண்டு அடுத்த ரூமுக்குப் போகிறான். மகளைப் பற்றித்தான் எல்லாரும் கேட்கிறார்கள், சில பேர் அவள் காதுபடவே. முதல் குழந்தைக்கு ஆட்டிசம் இருந்தால் கூடப்பிறந்ததுக்கு ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்று டாக்டர் சொல்லியிருந்தார், ஆகவே அவளை ஒன்பதாம் மாதத்திலிருந்தே பார்த்துக்கொண்டு இருக்கிறோம். ஒன்றரை வயதில் அந்த 20 கேள்விகளையும் நானே போட்டேன், மதிப்பெண் ஒன்று. பால்காரர் வண்டியிலிருந்து பூனை வரை எல்லாவற்றுக்கும் விரலை நீட்டி நம் கழுத்தைத் திருப்பிவிடுகிறாள். ஆனாலும் இரண்டு வயதுக்குள் போட்டதென்றால், இரண்டு முடிந்ததும் இன்னொரு தடவை போட வேண்டும் என்பது விதி. அவளுக்குச் சித்திரையில் இரண்டு முடிகிறது.